அந்தப் படத்தில் ஜன்னல் ஏன் இடது பக்கம் இருக்கிறது?

சென்னை ராயபுரத்தில் உங்கள் தாத்தா வீட்டைக் காலி செய்யும்போது டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது என்று எழுதி, மூன்று போட்டோ வைத்திருக்கிறீர்கள். ஓர் அறை. இடது பக்கம் கம்பி ஜன்னல், அதன் வெளிச்சம் தரையில் விழுந்திருக்கிறது. ஒரு பெண் தரையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைக்கிறாள். உத்திரத்திலிருந்து ஒரு தூளி தொங்குகிறது. சுவரில் ஒரு கடிகாரம். மீதி எல்லாம் கறுப்பு. இது மரத்தில் வெட்டி அச்சடித்ததா, பத்திரிகையிலிருந்து கிழித்ததா, பாதிக்கு மேல் கறுப்பாக இருப்பது ஈரத்தில் கெட்டுப்போனதாலா, விலை ஏதாவது பெறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "எங்கள் வீட்டுக் கூடம் மாதிரியே இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டில் ஜன்னல் வலது பக்கம், அதனால் வேறு யார் வீடோ." நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. இது எங்கள் வீடா, அங்கே உட்கார்ந்திருப்பது எங்கள் ஆயாவா என்பதுதான் கேள்வி. அதற்கும் வருகிறேன்.

நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். அரசு கவின் கலைக் கல்லூரியில் அச்சுக்கலை படித்தேன். இருபத்திரண்டு வருடமாக மரம் வெட்டி அச்செடுப்பதுதான் என் வேலை. அதனால் உளி, மரம், மை, தாள் இவை சம்பந்தப்பட்டதில் என்னால் ஓரளவு உறுதியாகப் பேச முடியும். ஆனால் போனில் எடுத்த மூன்று போட்டோவை வைத்துப் பேசுகிறேன். தாளைத் தொட்டுப் பார்க்கவில்லை, பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. அந்த இடங்களில் 'இருக்கலாம்' என்றுதான் சொல்வேன்.

முதலில் உறுதியானது. இது மரத்தில் வெட்டியது. நீங்கள் கிட்டத்தில் எடுத்த மூன்றாவது போட்டோவில், வலது பக்கக் கறுப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். மெல்லிய சாம்பல் கோடுகள் படுக்கைவாட்டில், ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. அவை சுவரில் ஆரம்பித்து, தூளியின் நிழலைத் தாண்டி, அந்தப் பெண்ணின் முதுகு வரைக்கும் நிற்காமல் போகின்றன. வரைந்த கோடாக இருந்தால் சுவரோடு நின்றிருக்கும், அல்லது முதுகில் வளைந்திருக்கும். இது எந்தப் பொருளையும் மதிக்காமல் போவதால் மரத்தின் ரேகை. பலகையின் மேல் மை உருட்டும்போது ரேகையின் பள்ளங்களில் மை சரியாக ஒட்டாது, அந்த இடம் தாளில் வெளிறித் தெரியும். இன்னொரு அடையாளம் ஜன்னல் கம்பிகளில் இருக்கிறது. படுக்கைவாட்டில் வெட்டிய இடங்கள் கத்தியால் சீவினது போல் சுத்தமாக இருக்கின்றன. நெடுக்குவாட்டில் வெட்டிய கம்பி ஓரங்கள் மட்டும் லேசாகப் பிசிறு தட்டியிருக்கின்றன. ரேகையோடு போகும் உளி வழுக்கிக்கொண்டு போகும், ரேகைக்குக் குறுக்கே போனால் நாரைப் பிய்க்கும். ரேகை படுக்கையாக ஓடுகிறது என்று கறுப்பு சொல்கிறது, அதையே கம்பிகளும் சொல்கின்றன. இரண்டு சாட்சி போதும்.

லினோலியத்தில், அதாவது தரையில் விரிக்கும் வழவழப்பான விரிப்பில், வெட்டினால் இந்த ரேகை வராது. லினோவுக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான், உளி எங்கே திரும்பினாலும் தடுக்காது. அதனால் லினோ அச்சில் வளைவுகள் கொழகொழவென்று தாராளமாக இருக்கும். மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில், அதாவது அடிமரத்தை அறுத்தால் வட்டம் தெரியுமே அந்தப் பக்கத்தில், ஊசி மாதிரிக் கருவியால் கீறுவது வேறு ஒரு முறை. இங்கிலாந்தில் தாமஸ் பியூவிக் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரபலப்படுத்தியது அது. அதில் மயிரிழை போன்ற வெள்ளைக் கோடுகள் வரும். உங்களுடையது அதுவும் இல்லை. நீளவாட்டில் அறுத்த பலகை, கத்தி, இரண்டு மூன்று உளி, அவ்வளவுதான். கல்லூரியில் நாங்கள் வுட்கட் என்போம். தமிழில் மரவெட்டு என்று எழுதுகிறார்கள்.

அடுத்து, கொஞ்சம் சந்தேகமான இடம். மரத்தில் வெட்டியது என்பதால், உங்கள் கையில் இருக்கும் தாள் அந்த மரத்திலிருந்தே எடுத்தது என்று ஆகிவிடாது. அச்சகங்களில் ஆப்செட் என்ற இன்றைய அச்சு முறை வருவதற்கு முன்னால் ஒரு படத்தைப் போட்டோ எடுத்து, துத்தநாகத் தகட்டில் அரித்து 'பிளாக்' செய்வார்கள். அந்தப் பிளாக்கில் அடித்த படமும் தாளில் அழுந்தித்தான் விழும், ஓரத்தில் மை ஒதுங்கித்தான் நிற்கும். மரத்தின் ரேகைகூட அதில் பதிந்து வந்துவிடலாம். உங்கள் தாத்தா மண்ணடியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார் என்று வேறு சொல்கிறீர்கள், அதனால் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. இதைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. தாளை மெதுவாகத் திருப்பி, ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்து, பின்பக்கத்தைப் பாருங்கள். கறுப்பு இருக்கும் இடங்களுக்குப் பின்னால் பளபளவென்று தேய்த்த தடங்கள் வட்டம் வட்டமாகவோ குறுக்கும் நெடுக்குமாகவோ தெரிந்தால், அது கரண்டியின் முதுகால் கையால் தேய்த்து எடுத்த அச்சு. பிரஸ் இல்லாதவர்கள் இன்றைக்கும் அப்படித்தான் எடுக்கிறோம். தடம் இல்லாமல் சீராக அழுந்தியிருந்தால் மிஷினில் போட்டது. அப்போதும் மரக்கட்டையையே மிஷினில் ஏற்றியிருக்கலாம். கட்டையின் உயரத்தை ஈய எழுத்தின் உயரத்துக்கு, அதாவது 0.918 அங்குலத்துக்கு, சுமார் 23.3 மி.மீ.க்கு, அடியில் அட்டை கொடுத்துச் சமன் செய்துவிட்டால் ட்ரெடில் என்ற, காலால் மிதித்து ஓட்டும் அச்சு மிஷினில் எழுத்தோடு எழுத்தாக அதுவும் ஓடும். கொண்டித்தோப்புப் பக்கம் அச்சான பழைய பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களில் தடித்த கோட்டில் படங்கள் பார்த்திருப்பீர்கள். எழுத்தும் படமும் ஒரே உயரத்தில் நிற்கும் இந்த வசதியால்தான் அந்தக் காலத்தில் அவை ஒரே பக்கத்தில் சேர்ந்து வந்தன.

கீழே பென்சிலில் 3/12 என்று இருக்கிறது, வலது ஓரத்தில் ஒரு கையெழுத்து. பன்னிரண்டு பிரதி எடுத்தேன், இது மூன்றாம் எண் என்று அதற்கு அர்த்தம். பத்திரிகைக்கு அடிக்கும் படத்துக்கு யாரும் இப்படி எண் போட மாட்டார்கள். அதனால் கையால் எடுத்த அச்சு என்ற பக்கமே என் மனது சாய்கிறது. பின்பக்கம் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்போது கறுப்பு. கெட்டுப்போகவில்லை, மங்கவும் இல்லை. இந்த மையின் கறுப்பு கரிதான். கரித்தூளை ஆளிவிதை எண்ணெயில் அரைத்தது. கரி வெயிலுக்கு வெளுக்காது, ஈரத்துக்குப் பரவாது. மஞ்சளாகி இருப்பது தாள்தான். கறுப்புக்கு நடுவே சாம்பலாகத் தெரிவது ரேகை என்று மேலே சொன்னேன். ஈரம் பட்டிருந்தால் பழுப்பு வட்டமாகக் கறை நிற்கும், அது உங்கள் படத்தில் கீழ் மூலையில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. படத்துக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

அப்படியென்றால் ஏன் இவ்வளவு கறுப்பு? இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் அந்தப் படத்தையே வேறு மாதிரிப் பார்ப்பீர்கள். பென்சிலில் வரைகிறவன் வெள்ளைத் தாளில் ஆரம்பிக்கிறான். கோடு போடப் போட இருட்டு சேருகிறது. மரவெட்டு அதற்கு நேர் எதிர். வெட்டாத பலகையில் மை உருட்டி எடுத்தால் முழுக் கறுப்பு வரும். உளி எடுத்த இடம்தான் வெள்ளை. அதாவது, ஓர் இருட்டறையில் ஆரம்பித்து, ஒவ்வொரு வெளிச்சத்தையும் கையால் தோண்டி உள்ளே கொண்டுவர வேண்டும். நீங்கள் பார்க்கும் கறுப்பை யாரும் பூசவில்லை. அது அந்த ஆள் கை வைக்காமல் விட்ட மரம்.

எனக்கு இது புரிய இரண்டு வருடம் ஆயிற்று. கல்லூரியில் முதல் மரவெட்டாக எங்கள் ஆயா வீட்டு அடுப்படியைத்தான் எடுத்துக்கொண்டேன். தண்டையார்பேட்டையில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருக்கும் நீள வீடு. தெருவாசலில் நுழைந்தால் கடைசி வரை ஒரே கோடு, வெளிச்சம் முன்பக்கமும் கொல்லைப் பக்கமும்தான். நான் அலமாரியில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் வெட்டினேன். சுவரில் காரை பெயர்ந்ததை வெட்டினேன். பாயின் கோரையை ஒன்றொன்றாக வெட்டினேன். ஒரு மாதம் வேலை. அச்செடுத்தால் சந்தைக்கடை மாதிரி இரைச்சலாக இருந்தது. என் ஆசிரியர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கே வந்தார். மத்தியானம் இரண்டு மணி. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்து அடுப்படி வாசலில் நின்றோம். "என்னப்பா தெரியுது?" என்று கேட்டார். கண்ணுக்கு முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்துக் குடத்தின் கழுத்தில் ஒரு வளையம் வெளிச்சம், அப்புறம் ஆயாவின் வெள்ளை முடி, அப்புறம் அம்மியின் மேல் விளிம்பு. மூன்றே மூன்று. "அந்த மூணை மட்டும் வெட்டு. மிச்சத்த மரத்துக்கே விட்டுரு" என்றார். வால்டாக்ஸ் சாலையில் வாங்கிய அடுத்த பலகையை ஒன்றரை நாளில் முடித்தேன். இன்றைக்கும் என் வீட்டுச் சுவரில் அதுதான் இருக்கிறது.

வெயில் கொளுத்தும் ஊரில் கட்டிய பழைய வீடுகளின் உள்ளே பகலிலும் இருட்டுதான். சூட்டைத் தடுக்க ஜன்னலைச் சின்னதாக வைத்தார்கள், சுவரைத் தடிப்பாக எழுப்பினார்கள். அதனால் வடசென்னையின் பழைய வீட்டுக் கூடம் ஏற்கெனவே பாதி மரவெட்டு. ஒரே ஒரு திறப்பு, ஒரே ஒரு பட்டை வெளிச்சம், மீதி இருட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். உங்கள் படத்தை வெட்டியவர் இதைத் தெரிந்தவர். கறுப்புப் பரப்பில் உளியே படவில்லை. கைக்கு வேலை இல்லாமல் விடுவது ரொம்பக் கஷ்டம், செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு சின்ன மினுமினுப்பு, ஒரு சுவர்க்கோடு போடலாமே என்று கை துறுதுறுக்கும்.

வீட்டுக்குள் இருக்கும் அமைதியை இப்படிக் கறுப்பால் காட்டியவர்களில் பெரிய ஆள் ஃபெலிக்ஸ் வல்லோத்தோன். 1865இல் சுவிட்சர்லாந்தில் லோசானில் பிறந்து, பாரிசுக்குப் போய் அங்கேயே வேலை செய்தவர். 1891இல் மரவெட்டில் இறங்கினார். அதற்கு முந்தைய வருடம்தான் பாரிசில் ஜப்பானிய மரவச்சுகளின் பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. நிழலைப் படிப்படியாகக் காட்டாமல் தட்டையான பரப்புகளால் படம் கட்டும் அந்த முறை அவர் தலைமுறை முழுவதையும் பிடித்துக்கொண்டது. 1897, 98இல் அவர் செய்த 'அந்தரங்கங்கள்' என்ற பத்துப் படத் தொகுதியைக் கட்டாயம் பாருங்கள். சோபா, மேசைவிளக்கு, பூ போட்ட சுவர்த்தாள், ஓர் ஆணும் பெண்ணும், அவ்வளவுதான் பொருள். 'பணம்' என்ற படத்தில் வெள்ளை உடையில் ஒரு பெண் ஜன்னலருகே நிற்கிறாள். பக்கத்தில் ஒரு ஆண் ஏதோ பேசுகிறான். அவன் உடம்பு எங்கே முடிகிறது, அறையின் இருட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடே கிடையாது. படத்தில் பாதிக்கு மேல் வெறும் கறுப்பு. முப்பது பிரதி எடுத்தார், அப்புறம் பத்துக் கட்டைகளையும் துண்டு போட்டுவிட்டார். அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஒரே தாளில் அச்செடுத்து, இனி யாரும் இவற்றிலிருந்து பிரதி எடுக்க முடியாது என்பதற்கு அத்தாட்சியாகத் தொகுதியோடு கொடுத்தார். உங்கள் படத்தில் இருக்கும் 3/12 என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பதும் இதே மாதிரி வாக்குறுதிதான், இத்தனைக்கு மேல் எடுக்க மாட்டேன் என்பது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வல்லோத்தோனின் கறுப்பில் ஏதோ மறைக்கப்படுகிறது. பொய், பேரம், பிரியப்போகும் இரண்டு பேர். அந்த அறைகளின் அமைதி மூச்சை அடைக்கும் அமைதி. உங்கள் படத்தில் அது இல்லை. தூளியைப் பாருங்கள். சேலைத் தூளி, கீழே கனத்தால் தொய்ந்திருக்கிறது, உள்ளே பிள்ளை இருக்கிறது. அதன் இடது விளிம்பில் மட்டும், ஜன்னல் பக்கமாக, ஒரே ஒரு வெள்ளை வளைவு. மேலே மெல்லியதாக ஆரம்பித்து, தொய்வில் தடித்து, மறுபடி மெலிந்து முடிகிறது. 'வி' உளியை ஆழத்தில் இறக்கி ஏற்றி, ஒரே மூச்சில் வெட்டிய கோடு அது. நடுவில் நிறுத்தியிருந்தால் ஒரு கணு விழுந்திருக்கும். உளியை நன்றாகச் சாணை பிடித்து, இரண்டு மூன்று தடவை வெறும் கையால் காற்றில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெட்டியிருப்பார். அந்தப் பிள்ளையின் முகத்தைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. முறத்தையும் கவனியுங்கள். அரிசியை ஒவ்வொரு மணியாக வெட்டவில்லை. முறத்துக்கு மேலே, காற்றில், ஏழெட்டுக் குத்து மட்டும் உளிமுனையால். புடைக்கும் சத்தம் காதில் விழுகிறது எனக்கு. வீட்டில் வேறு சத்தமே இல்லை என்பதும் அதனால்தான் தெரிகிறது.

சரி, உங்கள் ஜன்னலுக்கு வருகிறேன். கட்டையில் வெட்டியது தாளில் இட வலம் மாறித்தான் விழும். ரப்பர் ஸ்டாம்ப்பில் எழுத்து திரும்பி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அனுபவப்பட்டவர்கள் முதலிலேயே படத்தைத் திருப்பிக் கட்டையில் வரைந்துகொள்வார்கள், அப்போது தாளில் நேராக வரும். ஆனால் எதிரே பார்த்ததை நேரடியாகக் கட்டையில் வரைந்து வெட்டுகிறவர்களும் உண்டு, அப்போது அறையே கண்ணாடியில் பார்ப்பது போல் மாறிவிடும். உங்கள் படத்தில் அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். காரணம் மூன்று. ஒன்று, அந்தப் பெண்ணின் முந்தானை வலது தோளிலிருந்து பின்னால் தொங்குகிறது. நம் பக்கத்தில் முந்தானை இடது தோளில். இரண்டு, கடிகாரம். எண்கள் இல்லை, கோடுகள்தான், அதனால் திரும்பியிருப்பது உடனே தெரியாது. முள்ளைப் படித்து எட்டு நாற்பது என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடியில் பார்த்தால் அது மூன்று இருபது. மூன்று, உங்கள் கூடத்து ஜன்னல் மேற்கே தெருவைப் பார்த்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். ராயபுரத்தில் கடல் கிழக்கே. மேற்கு ஜன்னல் வழியாகக் காலை எட்டு நாற்பதுக்கு நேர் வெயில் தரையில் விழ வழியே இல்லை. மத்தியானம் மூன்று இருபதுக்கு விழும், அதுவும் ஜன்னலிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே வந்து, படத்தில் இருப்பது போலவே. மத்தியானச் சாப்பாடு முடிந்து, பிள்ளை தூங்கி, ராத்திரிச் சமையலுக்கு அரிசி புடைக்கும் நேரம். போனில் படத்தை இட வலமாகத் திருப்பும் வசதி இருக்கும், திருப்பிப் பாருங்கள். ஜன்னல் வலது பக்கம் வந்துவிடும்.

இது எவ்வளவு தூரம் நிற்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முந்தானை ஒன்றை மட்டும் வைத்து எதுவும் முடிவு கட்ட முடியாது. சவுகார்பேட்டையில் குஜராத்திப் பெண்கள் பலர் முந்தானையை வலது தோள் வழியாக முன்னால் கொண்டுவந்து கட்டுவார்கள். உங்கள் படத்தில் பின்னால் தொங்குவதால் அந்தக் கட்டு இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் தோள்பக்கம் கறுப்பில் மூழ்கியிருக்கிறது, சத்தியம் செய்ய மாட்டேன். கடிகார முள்ளை எந்த ஓவியரும் நேரம் பார்த்துத்தான் வைத்தார் என்று இல்லை. முள் எங்கே இருந்தால் படத்துக்கு நன்றாக இருக்கும் என்று வைப்பவர்களும் உண்டு. வெயில் வாதம்தான் மூன்றிலும் பலமானது, ஆனால் அது உங்கள் வீடு என்று ஏற்கெனவே வைத்துக்கொண்டால்தான் வேலை செய்கிறது. எனவே நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஜன்னல் மாறி இருப்பது உங்கள் வீடு இல்லை என்பதற்குக் காரணம் ஆகாது. படம் திரும்பியிருப்பது அநேகமாக நிச்சயம். உங்கள் வீடுதானா என்பது இன்னும் திறந்த கேள்வி, ஏனென்றால் அந்தக் காலத்து ராயபுரத்தில் இதே அளவில், இதே மாதிரி ஜன்னலோடு எத்தனையோ கூடங்கள் இருந்தன. கையெழுத்து மட்டும் திரும்பாமல் நேராக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். அது அச்செடுத்த பிறகு தாளில் போட்டது.

கையெழுத்தை என்னால் படிக்க முடியவில்லை. யாரென்று ஊகிக்கவும் விரும்பவில்லை, தப்பான பெயரை ஒட்டிவிட்டால் அது படத்தோடு ஊர் சுற்றும். நம் கவின் கலைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. மரத்தில் செதுக்கி அச்செடுப்பது அங்கே ஆரம்ப காலத்திலேயே கற்றுத்தந்த வேலைகளில் ஒன்று. அங்கே படித்துவிட்டு அச்சகத்திலோ பள்ளிக்கூடத்திலோ வேலைக்குப் போய், வீட்டில் சத்தமில்லாமல் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர். உங்கள் தாத்தாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து வரைந்திருக்கலாம். கூடத்தில் வெளியாள் இருக்கும்போது அந்தப் பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது எனக்கு இயல்பாகப் படுகிறது. இது ஊகம், அதற்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லூரியிலும், கிரீம்ஸ் சாலையில் இருக்கும் லலித் கலா அகாதமியிலும் அச்சுக்கலைக்காரர்கள் இருக்கிறார்கள். தாளை நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள், பழைய ஆட்கள் யாராவது அந்தக் கையெழுத்தைப் பார்த்திருக்கக்கூடும். விலை பற்றி: பெயர் தெரியாதவரை விலை சொல்ல முடியாது. யாராவது போட்டோவை மட்டும் பார்த்து ஒரு தொகை சொன்னால் கொடுத்துவிடாதீர்கள்.

பாதுகாப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதுதான் அவசரம். லாமினேஷன் மட்டும் வேண்டாம். பின்னால் செலோடேப் வேண்டாம், பசை போட்டு அட்டையில் ஒட்ட வேண்டாம். என்னுடைய படம் ஒன்றைச் சட்டம் போடக் கொடுத்தபோது, கடைக்காரர் நல்லது செய்வதாக நினைத்து முழுவதும் பசை தடவி ஹார்ட்போர்டில் ஒட்டிவிட்டார். இரண்டு மழைக்காலத்தில் தாள் கொப்பளித்துக் கிழிந்தது, கட்டையும் அப்போது என்னிடம் இல்லை. அமிலம் இல்லாத அட்டை என்று கேட்டு வாங்குங்கள். படத்தின் மேல் விளிம்பில் மட்டும், மெல்லிய தாளில் கோதுமை ஸ்டார்ச் பசை தடவி, இரண்டு இடத்தில் கீல் மாதிரி ஒட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது, நடுவில் ஓர் அட்டைச் சட்டத்தின் இடைவெளி வேண்டும். நம் பக்கம் கடல் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம், வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், உள்சுவரில் மாட்டுங்கள். டிரங்குப் பெட்டியில் திரும்ப வைத்தால் இராமபாணப் பூச்சி இரண்டே வருடத்தில் வேலையை முடித்துவிடும். கீழ்மூலைக் கறையைத் துடைக்க முயல வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. மாதக் கடைசியில் வீட்டை இடிக்கக் கொடுக்கப்போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு முன்னால் ஒரு தடவை போய்வாருங்கள். படத்தின் மேல் பக்கத்தில், ஜன்னலிலிருந்து ஆரம்பித்து, உத்திரக் கட்டைகள் வரிசையாக வெள்ளைக் கீற்றாகத் தெரிகின்றன. தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, மேலே சின்னச் செங்கற்களைச் சாய்த்து நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை அது. நான் எண்ணிப் பார்த்தேன், தூளிக் கயிறு ஜன்னலிலிருந்து ஐந்தாவது கட்டையில் தொங்குகிறது. படம் இட வலம் மாறினாலும் ஜன்னலிலிருந்து எண்ணும் எண்ணிக்கை மாறாது. கூடத்தில் நின்று மேலே பாருங்கள். பல வருடம் தூளி தொங்கிய கட்டையில் ஓர் இரும்பு வளையமோ, வளையத்தைக் கழற்றிய ஓட்டையோ, கயிறு அறுத்த தடமோ இருக்கும், எத்தனை தடவை வெள்ளையடித்திருந்தாலும் விரல் வைத்தால் தெரியும். ஐந்தாவது கட்டையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.